தானாக வந்து சேர்ந்த வாட்ச்மேன்

போன வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, என் வீட்டு கம்ப்யூட்டரில் பளபளவென்று ஒரு பெண் வந்து ரம்மி ஆடக் கூப்பிட்டாள். என்னை மட்டும் கூப்பிட்டிருந்தால் பரவாயில்லை. என் மனைவி சரஸ்வதி வீடியோவில் நடத்தும் தமிழ் வகுப்பில், குழந்தைகளுக்கு நடுவே...

புனேயில் ஐ.டி. வீட்டுப் பிள்ளைகள் இந்தியில் சண்டை போடும், மராத்தியில் வடாபாவ் வாங்கும். தமிழ் மட்டும் வராது. அதற்காகத்தான் வகுப்பு. ரம்மிக்குப் பிறகு அம்மாக்கள் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள்: "அடுத்த வாரமும் இப்படின்னா ஸ்கேட்டிங்ல சேர்த்துடறோம் ஆன்ட்டி."

வைரஸ் எப்படி வந்தது? 'பழைய பாட்டு இலவசம்' என்ற இடத்தில் நான் அழுத்தியதாக வீட்டில் ஒரு வதந்தி. அந்த ஆராய்ச்சி இப்போது எதற்கு?

சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். பெரிய கம்பெனி, பெரிய படிப்பு. எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினார்.

"மாமா, இதுக்குள்ளயே வைரஸ் தடுப்பு இருக்குதுங்க. அப்டேட்டும் போட்டாச்சு. நீங்க வேற எதையும் ஏத்தீராதீங்க."

யாரிடம் சொல்கிறார்? எட்டாம் வகுப்போடு ரயிலேறி, ஏரவாடாவில் ஒற்றை அறையில் தொடங்கி, இன்று ஹடப்சரில் பாதி அபார்ட்மென்ட் சொசைட்டிகளின் கேட்டில் வாட்ச்மேன்களை நிறுத்தியிருக்கிறவன் நான். எனக்கே காவலைப் பற்றிப் பாடம்.

அவர் லிஃப்டில் இறங்கியதும் இலவச ஆன்டிவைரஸ் ஒன்றை ஏற்றினேன். காவலுக்கு ஆள் கூடினால் நல்லதுதானே? அப்போதே திரையில் சிவப்பாக ஒரு பெட்டி — 'உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது. காப்பாற்ற இங்கே அழுத்தவும்.' கேட்காமலே இவ்வளவு அக்கறை. பெற்ற பிள்ளை காட்டுமா? அழுத்தினேன்.

ஞாயிறு காலை, வகுப்பு நேரம். திரை முழுக்க எச்சரிக்கை. ஒரு காவல்காரன் இன்னொருவனைத் திருடன் என்றான். சிவப்புப் பெட்டிக்காரனோ வகுப்பையே திறக்க விடாமல், கிரெடிட் கார்டு நம்பர் கேட்டுக்கொண்டு நின்றான்.

சரஸ்வதி மாப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, குழந்தைகளை போனில் பிடித்தாள். "மிஸ், மம்மி ஸ்கேட்டிங் ஷூ எடுத்துட்டா..." என்றது ஒன்று.

மாப்பிள்ளை ஹெல்மெட்டோடு வந்து திரையைப் பார்த்தார்.

"மாமா, ஒருத்தன் தானா வந்து, 'உங்க ஊட்ல திருடன் இருக்கறான், சாவியக் குடுங்க, நான் பாத்துக்கறேன்'னு சொன்னா வாட்ச்மேன் வேலை குடுப்பீங்களா?"

"போலீஸ் வெரிஃபிகேஷன் இல்லாம எப்படிக் குடுப்பேன்?"

"இவனுக்குப் பாத்தீங்களா?"

படித்தவர்களிடம் இதுதான் தொல்லை. ஒரு கேள்வியோடு நிறுத்த மாட்டார்கள்.

மறுபடி துடைத்து, மறுபடி ஏற்றி முடியும்வரை சரஸ்வதி போனிலேயே விடுகதை போட்டுக் குழந்தைகளை விடாமல் பிடித்து வைத்தாள். கடைசியில் வகுப்பு நடந்தது. ஒரு பிள்ளையும் ஸ்கேட்டிங் போகவில்லை.

முடிந்ததும் திரும்பினாள். "மாப்ள, இனி எதை ஏத்தோணும்னாலும் என்னக் கேக்கறாப்பல பண்ணிக் குடுங்க."

பண்ணிக் கொடுத்துவிட்டார். இப்போது அவள்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். நான் பார்க்கலாம், படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். எதையும் ஏற்ற வேண்டுமென்றால் அவளுடைய பாஸ்வேர்டு வேண்டும்.

ஆகவே வாசகர்களே — புதிதாக ஏற்றினால் முதலில் அப்டேட் போடுங்கள். கூடவே வரும் காவல் ஒன்று போதும். தானாகக் கதவைத் தட்டுகிறவனை உள்ளே விடாதீர்கள். என் தொழிலில் இதெல்லாம் நான் எப்போதோ கரைத்துக் குடித்தது. மாப்பிள்ளைதான் இப்போது காலேஜில் படித்துவிட்டு வந்து சொல்கிறார்.

நேற்று ஒரு ஜாதக சாஃப்ட்வேர் ஏற்றுவதற்காக பாஸ்வேர்டு கேட்டேன். "அடிக்கறப்பப் பாக்கக் கூடாதுங்க, பால்கனில போய் நில்லுங்க, கூப்படறேன்" என்றாள்.

போய் நின்றேன். இன்னும் கூப்பிடவில்லை.