குறுவாளுக்குத் தப்பிய சொல்

ஹெசக்கையா பம்ஃப்ரி, ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத சேணம் தைப்பவர். இங்கிலாந்தில் ஹெரஃபோர்டு பக்கத்து எங்கள் ஊருக்கு நான்தான் போலீஸ்காரன். அந்தச் சாதுவை இரண்டு முறை கைது செய்த பெருமை என்னுடையது.

எல்லாம் அந்த அகராதியால் வந்த வினை. பழைய புத்தகங்களைப் படித்து, வழக்கொழிந்த சொற்களை வாக்கியத்தோடு சீட்டில் எழுதி அனுப்பும்படி பெரிய ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுக்கும் யாரோ பேராசிரியர்கள் ஊர் ஊராகக் கேட்டிருந்தார்கள். இவருக்கு வாய்த்தவை 'பதுங்கிக் காத்திருத்தல்' என்று பொருள் தரும் சொற்கள். ஃபோர்லே, லர்ச், இன்சிடியேஷன் என்று பூட்ஸ் பெட்டி நிறையச் சேர்த்துவிட்டார். ஒளிந்து உட்கார இத்தனை சொல் எதற்கு? எங்கள் ஊர்க் கோழித் திருடர்கள் ஒரு சொல்லும் இல்லாமல்தான் ஒளிகிறார்கள்.

அவற்றில் ஃபோர்லே அவருடைய செல்லப்பிள்ளை. அதற்குத்தான் ஆபத்து வந்தது. இருநூறு வருடமாக யாரும் அதை அச்சில் எழுதவில்லை. கோடைக்குள் புதிய அச்சுச் சான்று கிடைக்காவிட்டால், செத்த சொல் என்று பக்கத்தில் குறுவாள் குறி போட்டுவிடுவோம் என்று அகராதியார் எழுதினார்கள். மனிதர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எங்கள் வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், போடவில்லை. வழக்குச் செய்தி என்றால் மட்டும் இண்டு இடுக்கு விடாமல் போடுவார்கள்.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை காலை முள்வேலிக்குள் படுத்திருந்து, சைக்கிளில் வந்த பாதிரியார் முன்னால் திடீரென்று எழுந்து நின்றார். பாதிரியார் வாய்க்காலில் விழுந்தார். கோர்ட்டில் இவர், "ஃபோர்லே பண்ணிட்டிருந்தேங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். ஏழு நாள் சிறை. பத்திரிகையோ 'பதுங்கியிருந்தார்' என்று அச்சடித்தது. சேணம் தைப்பவனுக்கு ஒழுங்காகப் பேச வராது என்று நிருபர் திருத்திவிட்டாராம்.

அன்று சிறைக்குள் அவர் அழுததைப் பார்த்து என் டீயை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

வெளியே வந்தார். அதே வேலி, அதே பாதிரியார், அதே வாய்க்கால்.

"இந்த மனுசனுக்கு ஒளியக்கூட வேற இடம் தெரியல" என்று அவர் மனைவி கெசையா அலுத்துக்கொண்டாள்.

இந்த முறை சாட்சிக் கூண்டில் ஏறியது நான். போலீஸ் சாட்சியத்தில் கைவைக்க எந்த நிருபருக்கும் தைரியம் கிடையாது.

"இவரு பாதிரியாரை ஃபோர்லே பண்ணிட்டிருந்ததை என் ரெண்டு கண்ணால பாத்தேங்க" என்றேன்.

அப்படி ஒரு சொல் அகராதியில் இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இந்தக் கேஸ் முடிஞ்சா வந்துருமுங்க" என்றேன்.

எழுத்துப் பிசகாமல் அச்சில் வந்தது. அதை வெட்டி அகராதியாருக்கு அனுப்பிவைத்தேன். பம்ஃப்ரிக்குப் பதினாலு நாள்.

அவர் விடுதலையாக இரண்டு நாள் இருக்கும்போது அகராதியாரின் தபாலட்டை வந்தது. குறுவாள் போடவில்லை, சான்றாக என் சாட்சியத்தையே எடுத்துக்கொண்டார்கள். கம்பி வழியாக நீட்டினேன். நாலு முறை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்து லர்ச், கான்ஸ்டபிள். அதுவும் சாகக் கிடக்கு. திங்கக்கிழமை உங்களுக்கு வேலை ஏதும் இருக்கா?"

"திங்கக்கிழமை பாதிரியார் அந்தப் பக்கம் வர்றதில்ல" என்றேன். "செவ்வாய் வச்சுக்குவோம்."