மூன்றாவது மண்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூணாறு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். ஞாபகமும் முன்னைப் போல இல்லை. சொன்னதையே திரும்பச் சொல்வேன், சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேன்.

போன மாதம் என் தம்பி மகள் கடலுக்கடியில் போய்வந்து ஒரு சர்டிபிகேட் அட்டை வாங்கி வந்தாள். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு சில தடவை முழுகிக் காட்டினால் கொடுப்பார்களாம். “கொளத்துல பழகுனதெல்லாம் சேராது அத்தை, கடல்ல முழுகுனாத்தான் பாஸ்” என்றாள். எல்லாரும் கூடியிருந்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. ஆனால் நானும் அப்படிப் பாஸ் ஆனவள்தான். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எழுபதுகளில் நடந்தது. நான் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன். என் கணவர் அங்கே பாக்டரியில் பிட்டர். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் மாமனார் காலமாகிவிட்டார். கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் அவர்களுடைய தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை. நாங்கள் மலையிறங்கி வந்தோம். வீட்டில் மாமியார், நாத்தனார், நாங்கள் இருவர். நாத்தனார் என்னைவிட இரண்டு வயது இளையவள்.

மலையில் ஓடைத் தண்ணீர் முழங்காலைத் தொட்டாலே நான் கரையேறிவிடுவேன். தோட்டத்துக் கிணறோ, ஒரு வீட்டையே உள்ளே இறக்கி வைக்கலாம் போல இருந்தது. ஒரு பக்கம் கல்படி. பாதி ஆழத்தில் ஒரு திட்டு, அதில் ஆயில் எஞ்சின். எஞ்சினிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் குழாயின் நுனியில் புட்வால்வு இருக்கும். அதில் பாசி சுற்றிக்கொண்டால் தண்ணீர் மேலே ஏறாது. யாராவது முழுகிப் போய்ப் பிடுங்கிவிட வேண்டும். என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே காதில் சீழ் வடியும், தலை முழுகக் கூடாது. அதனால் அது நாத்தனாரின் வேலை. மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் நொடியில் முடித்துவிட்டு வருவாள்.

அவளுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அவர்கள் வைகாசியில் முகூர்த்தம் கேட்டார்கள். மாமியார் பிடி கொடுக்கவில்லை.

“இவ போயிட்டா புட்வால்வுக்கு ஆரு முழுகறது? போன தடவ இவளுக்குக் காச்சல்னு வெளியாளுக்குக் காத்துக் கெடந்து, மொளகாச் செடி பூராக் காஞ்சு போச்சு. வெள்ளாமையை எடுத்துட்டு ஆவணியில வெச்சுக்கலாம்.”

மாப்பிள்ளை வீட்டார் கையில் இன்னொரு பெண்ணின் ஜாதகமும் இருந்தது எங்களுக்குத் தெரியும். ஆவணி வரை பொறுப்பார்களா? நாத்தனார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டாள்.

“நங்கையா, நீங்க முழுகப் பழகிக்கறீங்களா?” அண்ணன் மனைவியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“எனக்கு மூஞ்சி கழுவவே பயம் தாயி.”

“வெளையாட்டுக்குக் கேக்கலீங்க. என்ற கல்யாணம் உங்க மூச்சுலதான் இருக்குது.”

மாமியாரிடம் சொன்னபோது, “தேயிலை கிள்ளற கை தண்ணிக்குள்ள என்னத்தக் கிள்ளும்?” என்றார். பிறகு, “செரி, மூணு மண்ணு எடுக்கட்டும். எடுத்தா வைகாசி” என்றார்.

அந்த வீட்டில் நீச்சல் பழகுகிறவர்களுக்கு அது ஒரு வழக்கம். கிணற்றின் அடியிலிருந்து இரண்டு தடவை கைப்பிடி மண் எடுத்து வர வேண்டும். மூன்றாவது மண்ணை, சுவரில்லாத தண்ணீரில் எடுக்க வேண்டும். எடுத்த மண்ணை எஞ்சின் திட்டுக்கு மேலே சுவரில் அப்பி வைப்பார்கள். மாமியாரின் மூன்று மண்ணும் காய்ந்து கறுத்து இன்னும் அங்கே இருந்தன.

முதுகில் இரண்டு சுரைக் குடுக்கையைக் கட்டி என்னைத் தண்ணீரில் இறக்கினாள் நாத்தனார். பாவாடைக்குள் என் கணவரின் காக்கி டிரவுசரைப் போட்டிருந்தேன். வெட்கத்தில் அவரைக் கிணற்றுப் பக்கமே வரவிடவில்லை. அவர் தூரத்தில் நின்றபடி, “உசுரோட இருக்கறாளா?” என்று குரல் கொடுப்பார். “இருக்கறாங்கண்ணா. பாதிக் கெணத்தக் குடிச்சுட்டாங்க, இனி எஞ்சினே வேண்டாம்” என்பாள் இவள்.

பத்து நாளில் ஒரு குடுக்கை போனது, அப்புறம் இன்னொன்றும் போனது. ஆழத்தில் காது குத்தியது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதச் சொன்னாள். ஊதினால் காதுக்குள் சின்னதாகத் திறந்துகொள்ளும், வலி போய்விடும்.

முதல் மண் எடுக்கிற அன்று மாமியாரும் படியில் வந்து உட்கார்ந்தார். நான் அடிவரை போனேன். குளிர்ந்த சேறு விரலில் பட்டது, அள்ளினேன், மேலே வந்தேன். கை வெறுமையாக இருந்தது.

“மண்ணு எங்க?”

“நெசமா எடுத்தேன் அத்தை.”

மறுபடியும் போனேன். மறுபடியும் வெறும் கை. மூன்றாவது தடவை நாத்தனார் கூடவே முழுகினாள். மேலே வந்தவள் படியைப் பிடிக்க முடியாமல் சிரித்தாள்.

“அம்மா, நங்கையா மண்ண எடுக்கறாங்க. எடுத்து, தோளுக்குப் பின்னால வீசிப் போடறாங்க.”

எனக்கே தெரியவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் கூடையில் போட்டுப் பழகிய கை. தண்ணீருக்குள் தலை வேலை செய்யவில்லை, கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. மாமனார் போன பிறகு மாமியார் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். “கூடையையும் கட்டி உட்டிருக்கோணும்” என்றார்.

எடுத்த கையை வயிற்றோடு அமுக்கிக்கொள்ளச் சொன்னாள் நாத்தனார். அப்படியே இரண்டு மண்ணும் எடுத்துவிட்டேன்.

மூன்றாவதற்குப் பக்கத்திலிருந்த அணைத் தேக்கத்துக்குப் போனோம். துணி துவைக்கிற சாக்கில் மாட்டு வண்டியில் நாங்கள் மூவர் மட்டும். பங்குனி வெயில், கரையில் ஆளில்லை. கிணற்றில் எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் இருக்கும். இங்கே எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர். என் இடுப்பில் கயிறு கட்டி மறுநுனியை மாமியார் பிடித்துக்கொண்டார்.

“வழி தப்புன மாதிரி இருந்துச்சுன்னா கொஞ்சம் மூச்சு உடுங்க. காத்து முட்டை போற பக்கந்தான் மேல” என்றாள் நாத்தனார்.

முழுகினேன். கலங்கல். அடி எப்போது வந்ததென்று தெரியவில்லை, விரல் சேற்றில் புதைந்தது. அள்ளினேன். கை காது வரை ஏறிவிட்டது. இன்னொரு கையால் பிடித்துக் கீழே இழுத்தேன். அந்த இழுபறியில் உடம்பு சுழன்று, மேல் எது கீழ் எது என்று மறந்துபோனது. கொஞ்சம் மூச்சு விட்டேன். முட்டைகள் என் கால் பக்கமாகப் போயின. நான் தலைகீழாக இருந்திருக்கிறேன். திரும்பி அவற்றின் பின்னாலேயே போனேன்.

தலையை வெளியே நீட்டினால், மாமியார் இடுப்பளவு தண்ணீரில் சேலையோடு நின்றுகொண்டிருந்தார். கயிறு கையில் இறுகியிருந்தது.

“தொறந்து காட்டு புள்ள.”

கை திறக்கவில்லை. நாத்தனார் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். மண் இருந்தது. அதோடு ஒரு சின்ன நத்தையும் இருந்தது.

“நத்தையையும் சேத்துக் கிள்ளிட்டு வந்திருக்கறா” என்றார் மாமியார். நத்தையைத் தண்ணீரில் விட்டுவிட்டு, மண்ணை ஆமணக்கு இலையில் மடித்தார். வீடு வந்து வண்டியிலிருந்து இறங்கும்போது மகனிடம், “வைகாசிக்கே நாளு பாக்கச் சொல்லு” என்றார். நாத்தனார் அன்று இரண்டு ஆள் சோறு சாப்பிட்டாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எஞ்சின் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. மஞ்சள் பூசிய பெண் கிணற்றில் இறங்கக் கூடாது. நான்தான் போனேன். புட்வால்வைச் சுற்றிப் பாசி கொத்துக் கொத்தாக இருந்தது. இரண்டு கையாலும் கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மூன்று முழுக்கில் வேலை முடிந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் படியில் நின்ற எனக்குக் கேட்டது.

இவ்வளவுதான். கிணறு எத்தனை முழம் ஆழம் என்று எனக்கு நிச்சயமில்லை. அணைக்குப் போனது பங்குனியிலா சித்திரையிலா என்பதும் சந்தேகம். நாத்தனார் பொள்ளாச்சிப் பக்கம் சௌக்கியமாக இருக்கிறாள். இதை அச்சடிக்கிறவர்கள் தயவுசெய்து அவளிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கையில் இருந்தது நத்தையில்லை, கூழாங்கல் என்று அவள் சாதிப்பாள். அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். தலைகீழாக இருந்ததை மட்டும் அவளிடம் நான் இதுவரை சொன்னதில்லை. அந்த இடம் வரும்போது கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்.