கறம்பக்குடியில் ஒரு நேபாளக் கஞ்சி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் திருச்சியில் புதுக்கோட்டை வண்டி ஏறினேன். சன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கை கீரனூர் வரை காலியாகவே வந்தது. என் கைப்பையை அதில் வைத்துக்கொண்டேன்.

ஒரு சமையல் புத்தகத்துக்காக இவ்வளவு தூரம் போகிறாளே என்று உங்களுக்குத் தோன்றலாம். கணவர் போய் ஆறு வருடம். மகள் நித்யா போன ஆண்டு பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அதன் பிறகு எனக்கு இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. புதிதாக வரும் வட்டாரச் சமையல் நூல்களை வாங்குவது, ஞாயிறுதோறும் ஒன்றைச் சமைத்துப் பார்ப்பது. கொங்கணக் கடற்கரை ஒன்று, காஷ்மீர் ஒன்று, வடகிழக்கு மலைநாடு ஒன்று. எல்லாம் வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கும் படங்கள். ஆனால் மூங்கில் குருத்துக்கு நான் உறையூரில் எங்கே போவது? பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு ரசம் வைத்துச் சாப்பிட்ட நாள்கள் உண்டு.

புதுக்கோட்டையிலிருந்து வந்த ‘எட்டுக் கட்டில் சமையல்’ அப்படியில்லை. இருநூற்று எண்பது ரூபாய், ஒரு படம்கூடக் கிடையாது. எழுதியவர் கறம்பக்குடிக்காரர் கருப்பையா. மஸ்கட்டில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். எட்டுப் பேர் தங்கிய அறையில், பீகார்க்காரர், வங்காளி, நேபாளி, மலையாளி என்று உடனிருந்தவர்களிடம் கற்ற சமையலை எழுதியிருந்தார். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் மேலே அதைக் கற்றுக்கொடுத்தவர் பெயர் இருக்கும். ‘இது கிடைக்காவிட்டால் இதைப் போடுங்கள்’ என்றொரு வரியும் இருக்கும். வீட்டில் சமைக்கிறவர்களுக்கு அந்த ஒரு வரி போதும். ஒரே சிக்கல், அளவெல்லாம் எட்டுப் பேருக்கு. ஒருவருக்கு எப்படிக் குறைப்பது என்று கேட்கப் பதிப்பகத்தில் எண் வாங்கி அவரை அழைத்தேன். தனக்கும் அது தெரியவில்லை, ஒருநாள் வாருங்கள், சமைத்தே பார்த்துவிடலாம் என்றார்.

புதுக்கோட்டையில் இறங்கித் தேநீர் குடித்தேன். அடுத்த வண்டி ஆலங்குடி வழியாகக் கறம்பக்குடிக்கு. நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடவே இருக்கும். ஊரைத் தாண்டியதும் செம்மண், தைலமரக் காடு, முந்திரித் தோப்பு, மறுபடி தைலமரக் காடு. ஆலங்குடியில் பலாப்பழங்களைச் சாலையோரம் குவித்து வைத்திருந்தார்கள். முன் இருக்கைப் பெண் ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முழுப் பழத்தை வாங்கி ஐந்து வருடமாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வாங்கினால் யார் தின்பது?

பத்தரை மணிக்குக் கறம்பக்குடியில் ஆட்டோ பிடித்தேன். பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

“பொஸ்தகம் போட்டாரே, அவரு வீடா? நாங்கூட வாங்குனேங்க.”

அவர் சமையலைச் சாப்பிட்டதுண்டா என்று கேட்டேன்.

“அவரு சமைச்சு ஊருல யாருங்க சாப்புட்டா? அவரேதான் சாப்புடுறாரு.” எழுபது ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

கருப்பையாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. வாசலிலேயே காத்திருந்தார். அவர் மனைவி வசந்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, “வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மகன் சென்னையில் இருக்கிறானாம்.

சமையல் வீட்டுக்குள் நடக்கவில்லை. கொல்லையில் மோட்டார் அறையை ஒட்டித் தகரக் கூரை போட்டு, கருப்பையா தனக்கென்று ஓர் அடுப்பு வைத்திருந்தார். கொட்டாங்கச்சிக் கரியில் பீகார் லிட்டி சுட்டார். கோதுமை மாவு உருண்டைக்குள் வறுத்த கடலை மாவை அடைத்துச் சுடுவது. எனக்கு அது எப்போதும் வெடித்துவிடும். மாவை இன்னும் இறுக்கிப் பிசையச் சொன்னார். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்தார். கடுகை அரைத்து மீன் வைத்தார். சமைக்கச் சமைக்க அந்த அறையைப் பற்றியே பேசினார். யாருடைய கட்டில் எங்கே இருந்தது, யார் குறட்டை விடுவார் என்றெல்லாம். எல்லோரும் இப்போது அவரவர் ஊரில். வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறதாம். புத்தகம் வந்ததும் அட்டையைப் படமெடுத்துப் போட்டாராம். இரண்டு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். ஒருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

ஒருவருக்கான அளவை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. பழக்கத்தில் அவர் எட்டுப் பேருக்கே சுட்டுவிட்டார்.

ஒரு மணிக்குக் கூடத்தில் இலை போட்டார்கள். ஒரு பக்கம் அவர் லிட்டியும் மீனும் வைத்தார். மறுபக்கம் வசந்தா சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். ஒரே இலையில் இரண்டு வீட்டு விருந்து போல இருந்தது. வசந்தா தனக்குச் சோறு மட்டும் போட்டுக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். நீங்கள் இதைச் சாப்பிடுவதில்லையா என்று கேட்டுவிட்டேன்.

வசந்தா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார்.

“அக்கா, நீங்க அந்தப் பொஸ்தகத்த முழுசாப் படிச்சீங்களா? கஞ்சின்னு ஒண்ணு இருக்குமே.”

இருந்தது. அரிசியும் பாசிப்பருப்பும் மஞ்சளும் இஞ்சியும் போட்டுக் குழைய வேகவைக்கும் நேபாளக் கஞ்சி. மஞ்சள் காமாலையில் தான் கிடந்தபோது தன்பகதூர் என்ற நேபாள நண்பர் மாதக்கணக்கில் வைத்துக் கொடுத்தது என்று மேலே எழுதியிருந்தார். வாசித்தபோது நல்ல நட்பு என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பியிருந்தேன்.

“காமாலை வந்ததே எனக்குத் தெரியாது. போன்ல நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னுதான் சொன்னாக. ஊருல அம்புட்டுப் பேரும் படிச்சுட்டு வந்து ஏங்கிட்ட கேக்குறாக. நானும் அதப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”

கருப்பையா இலையைப் பார்த்தபடி இருந்தார். “சொன்னா நீ என்ன செஞ்சிருப்ப? அங்க வர முடியுமா? ஒக்காந்து அழுதிருப்ப.”

“அழுதிருப்பேன். அதுக்காவது விட்டுருக்கலாமுல்ல.”

 நான் எழுந்து போகவும் முடியாது, உட்காரவும் முடியாது. லிட்டியை வெறுமனே பிய்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் கழித்து அவர், தப்புதான் என்று மட்டும் சொன்னார், மிக மெல்ல.

வசந்தா தன் இலையை மடித்தார். சோறு பாதி அப்படியே இருந்தது.

“அந்தக் கஞ்சிய வைங்க. அது எப்புடி இருக்குன்னு பாப்போம்.”

கருப்பையா கை கழுவிவிட்டுக் கொல்லைப் பக்கம் திரும்பினார்.

“அங்கிட்டு எங்க போறீக? உள்ள வைங்க.”

அவர் அடுக்களை வாசலில் ஒரு நொடி தயங்கியதைப் பார்த்தேன். பிறகு உள்ளே போனார். அரிசிப் பானை எங்கே இருக்கிறது என்று கேட்டது காதில் விழுந்தது. அவர் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து ஓராண்டு ஆகியிருந்தது.

விடைபெறலாமென்று அடுக்களையை எட்டிப் பார்த்தேன். அவர் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தார். வசந்தா தரையில் உட்கார்ந்து, எப்போது காய்ச்சல் கண்டது, கண் மஞ்சளானது என்றைக்கு, அந்த நேபாளப் பிள்ளை ராத்திரி கூட இருந்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவரும் ஒவ்வொன்றாகச் சொன்னார். வசந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கஞ்சி வேக நேரமாகும். வருகிறேன் என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். நான் சொன்னது அவர்களுக்குக் கேட்டதா என்று தெரியாது. பேருந்து நிலையம் வரை நடந்தே வந்தேன்.

புதுக்கோட்டையில் வண்டி மாறியபோது மணி ஐந்து. வெயில் சாய்ந்திருந்தது. நார்த்தாமலைப் பாறைகள் சிவப்பாகத் தெரிந்த இடத்தில் நித்யா அழைத்தாள். இன்றைக்கு என்ன சமையல், சாப்பிட்டாயா, எப்படி இருக்கிறாய் என்று வழக்கம்போல ஒரே மூச்சில் கேட்டாள். நல்லாயிருக்கேன் என்று சொல்ல வாய் திறந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் நான் சொல்வது அதுதான்.

“தனியா உக்காந்து சாப்பிட முடியலடி நித்யா. ரொம்பக் கஷ்டமா இருக்கு” என்றேன்.

 அம்மா என்றாள் ஒருமுறை.  போனை வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது, அவள் தெருவில் எங்கோ ஒரு நாய் குரைத்தது. கீரனூர் வந்து, ஆட்கள் ஏறி இறங்கி, வண்டி மறுபடி கிளம்பும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.