ஓரத்தில் ஒரு கை

கல்வராயன் மலையில் நான் பிறந்த ஊர் மாறிவருவதை வருஷக்கணக்காகப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பழைய படங்களைப் பிரதியெடுக்க வீடு வீடாகப் போனேன். ஊருக்கு மருமகளாக வந்த செல்வி, மாமியார் காலத்துக் குடும்பப் படம் ஒன்றை எடுத்துவந்தாள். அதில் பின்னால் தொங்கும் நீலப் போர்வையின் ஓரத்தில் ஒரு கை. ஆள்காட்டி விரலில் பாதி இல்லை.

அரிவாள் வெட்டிய என் அப்பாவின் விரல்!

அப்போதெல்லாம் சங்கராபுரத்திலிருந்து போட்டோக்காரர் வந்தால் தெரு முழுக்கப் பவுடர் வாசனை அடிக்கும். மலைக்காற்றில் போர்வை நிற்காது. ஒரு முனையைப் புளியமரத்தில் கட்டுவார்கள், மறுமுனையை அப்பா பிடித்துக்கொள்வார். எங்கள் முறை வந்தபோதும் விடவில்லை.

"நீயும் வந்து நில்லேன்யா!" என்று அம்மா கத்தினாள்.

"நான் வுட்டா துணி பறந்துபூடும். நீங்க சிரிச்சிக்கினு நில்லுங்க."

நாங்கள் சிரித்தோம். அம்மா மட்டும் முறைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, யாரு கையோ வுழுந்துகீது, அத்த வெட்டிடுங்க," என்றாள் செல்வி.

"வேணாம்மா, இருக்கட்டும்."

அப்பாவுக்கென்று எங்கள் வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. காமிராவை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் அப்பா இருந்தார்.