இரண்டு பூட்டு விழுந்த தையல் கடை

டெய்லர் மூணாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனாலும் ஆளைத் தூரத்தில் பார்த்தே நெஞ்சளவு சொல்லிவிடுவார். டேப் வைத்தால் அரை இஞ்ச் பிசகாது. யார் தயவும் இல்லாமல் ராணுவ முகாமுக்குள்ளேயே கடை போட்டு, ஐந்து மிஷின் வாங்கி நிறுத்தியவர். அந்தப் பெருமையைப் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவரின் டீ ஆறிப்போகும்.

ஆட்சி மாறியது. முகாம் இனிமேல் புதுக் காவல் படைக்கு என்றது புது அரசு. இது ராணுவத்துச் சொத்து, நகர மாட்டோம் என்றார்கள் உள்ளே இருந்தவர்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. முன் வாசலில் ராணுவம், பின் வாசலில் புதுப் படை, நடுவில் டெய்லர் கடை.

கடையில் ராணுவத்துக்குத் தைத்த சட்டைகள் வரிசையாகத் தொங்கின, தோளில் ராணுவப் பட்டையோடு.

"ஜெயிக்கிற கட்சிக்குத் தச்சாத்தாண்டி கடை நம்ம கையில நிக்கும்," என்றார் மனைவியிடம்.

"யாரு ஜெயிப்பாங்கன்னு உங்க காதுல வந்து சொன்னாங்களா? கை அரிச்சா வீட்டுத் தலகாணி உறை கிழிஞ்சு கிடக்கு, அதைத் தைங்க."

கேட்கிற ஆளா அவர்? அத்தனை பட்டையையும் பிரித்துப் புதுப் படைப் பட்டையைத் தைத்துவிட்டார். பிரித்த தடம் பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. தொழில் அப்படி.

மறுநாள் சட்டை வாங்க வந்த ராணுவ அதிகாரி கத்திய கத்தலில், பின் வாசலிலிருந்து புதுப் படை அதிகாரியும் வந்துவிட்டார். சட்டையைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா? எங்க பட்டையை இங்கதான் தைக்கிறாங்க. கடை எங்க கைவசம்தான்னு கோர்ட்ல காட்டிடுவோம்."

"துணி எங்களுது. தைச்சவனும் எங்க ஆளு!"

"ஐயா, கொஞ்சம் பொறுங்க, பழையபடி மாத்திடறேன்," என்று கத்தரியை எடுத்தார் டெய்லர்.

"தொடாதே! சாட்சிப் பொருள்!" என்றார்கள் இரண்டு பேரும். எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனார்கள். அவரை முகாமுக்கு வெளியே தள்ளி, கடைக் கதவில் ஆளுக்கொரு பூட்டு போட்டார்கள்.

வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. மழை பிடித்துக்கொண்டது. கடைக் கூரையில் ஒழுகும் இடமெல்லாம் டெய்லருக்கு மனப்பாடம். கடையைத் திறக்கச் சொல்லி முன் வாசலில் கேட்டால் பின் வாசலைக் காட்டினார்கள். ஓடினார். அங்கே முன் வாசலைக் காட்டினார்கள்.

"தம்பி, மிஷின் துரு ஏறுதுப்பா. நான் உள்ள வரல. நீயே போய் எண்ணெய் மட்டும் விட்டுட்டு வா," என்றார் வாசல் காவலாளியிடம்.

"எங்க பூட்டைத் தொறந்தாலும் அவங்க பூட்டு இருக்கே, பெரியவரே."

யாரிடமும் கை நீட்டாத மனுஷன், எண்ணெய்க் குப்பியைச் சேற்றில் வைத்துவிட்டு, பேரன் வயசுக் காவலாளியின் காலைத் தொடக் குனிந்தார். அவன் பதறிப் பின்னால் நகர்ந்து கேட்டைச் சாத்தினான்.