வேட்டிக்குள் ஒரு துப்பாக்கி உறை

அந்த விளையாட்டுத் துப்பாக்கியை மலேசிய நண்பரின் இடுப்பில் இலாஸ்டிக் போட்டுக் கட்டியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் இது எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும்தான் தெரியும்.

தொண்ணூறுகளில் ஆக்லாந்தில் இருந்த தமிழர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கலைவிழா வைப்போம். யாழ்ப்பாணத்து ஆட்கள், இந்தியாவில் இருந்து வந்தவர்கள், மலேசியாவில் இருந்து வந்தவர்கள் எல்லாரும் வருவார்கள். கடைசி நிகழ்ச்சி நாடகம். அதை எழுதி இயக்குகிறவர் மதுரைக்காரர். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் என்னைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் திரை இழுப்பதும் சாமான்களை எடுத்துக் கொடுப்பதும் என் வேலை.

நாடகம் ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளை ஊரை ஏமாற்றுகிறவன். பெண்ணின் தூரத்து மாமா என்று ஒருவர் வேட்டி, பட்டுச் சட்டையோடு வருவார். பெரியவர்கள் காலில் விழுவார், பந்தியில் சப்பணம் கட்டி இருந்து சாப்பிடுவார். தாலி கட்டும் நேரத்தில் சட்டைக்குள் இருந்து துப்பாக்கியை எடுத்து, தான் போலீஸ் என்று சொல்லுவார். அந்த மாமாதான் என் மலேசிய நண்பர். பஸ் ஓட்டுகிறவர், நல்ல பருத்த உடம்பு, மேடை என்றால் உயிர்.

முதல் வருடம், அவர் காலில் விழுந்து எழும்பும்போது இலாஸ்டிக் நழுவிவிட்டது. துப்பாக்கி வேட்டிக்குள்ளால் தொடை வழியே இறங்கி, குதிகாலடியில் டக்கென்று விழுந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை, "அங்கிள், யூ ட்ரொப்ட் சம்திங்!" என்று கத்தியது. மண்டபமே சிரித்தது. மணவறையில் இருந்த மாப்பிள்ளையும் சிரித்தான். நண்பர் குனிந்து அதை எடுத்து, மிச்ச வசனங்களைச் சொல்லி முடித்தார். ஒருவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கோயிலில், டெய்ரி என்கிற மூலைக் கடையில், அவர் ஓட்டுகிற பஸ்ஸில்கூட, "என்ன மாமா, சாமான் பத்திரமா?" என்று ஆட்கள் கேட்டார்கள். அவரும் சிரித்துச் சமாளித்தார். கட்டியது நான் என்று ஒரு நாளும் ஒருவரிடமும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வருடம் இயக்குநர் வீட்டில் எல்லாரும் கூடினோம்.

"அதே நாடகத்தத்தான் மறுபடியும் போடுறோம்," என்றார் இயக்குநர். "போன தடவை கடைசி சீனை யாருமே பாக்கல சார். வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாங்க. எனக்கு அந்த சீன் வேணும்."

"எனக்கு வேணாம் லா," என்றார் நண்பர். "இந்தத் தடவை எல்லாம் என் இடுப்பத்தான் பார்ப்பாங்க. எங்க விழும், எப்ப விழும்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. வேற ஆளப் போடுங்க."

"வேற யாரு இருக்கா? உங்க உடம்புக்குத்தான் அந்த மாமா."

"அப்ப துப்பாக்கிய எடுத்துடுங்க. நான் விசில் ஊதுறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நண்பர் சிரிக்கவில்லை. கூட்டங்களில் ஒரு நாளும் வாய் திறக்காத நான், "நான் ஒரு உறை செய்து தாறன்," என்று சொன்னேன். "விழாது. தெரியவும் தெரியாது." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடேறியது.

 நண்பர், "அண்ணே செஞ்சா நான் நடிக்கிறேன்," என்றார்.

எனக்குத் துணிவு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது நான் ஆக்லாந்தில் விரி என்ற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பிஸ்கட் பெட்டிக்குள் இருக்கும் தட்டுகள் செய்கிற இடம். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் இறக்கினால், மெஷின் கீழே இருந்து காற்றை உறிஞ்சும், தகடு அச்சின் உருவத்தை எடுத்துவிடும். எத்தனை சூட்டில் தகடு தொய்யும், எப்போது கிழியும் என்று பார்த்த உடனே எனக்குத் தெரியும்.

முதலில் தோலில் மட்டும் செய்து பார்த்தேன். ஒனஹங்காவில் பழைய சாமான் கடையில் ஒரு கறுப்புத் தோல் கைப்பை வாங்கி, பிரித்து, இரட்டை ஊசியால் தைத்தேன். பார்க்க வடிவாக இருந்தது. ஆனால் இடுப்பில் இறுகியதும் தோல் சப்பையாகிவிட்டது, துப்பாக்கி உள்ளேயே சிக்கிக்கொண்டது. அதனால் வெளிப்பக்கம் பிளாஸ்டிக், உடம்பில் படுகிற பக்கம் தோல் என்று முடிவு செய்தேன்.

எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. படங்களில் துப்பாக்கியோடு வருகிறவர்கள் கதிரையில் இருக்கிறார்கள், குதிரையில் இருக்கிறார்கள். எங்கள் மாமா சப்பணம் கட்டி நிலத்தில் இருக்க வேண்டும், காலில் விழ வேண்டும். முதுகில் வைத்தால் குனியும்போது சட்டை தூக்கிக் காட்டும். முன்னுக்கு வைத்தால் இருக்கும்போது வயிற்றில் குத்தும். ஹில்ஸ்பரோவில் இருந்த எங்கள் வீட்டு வரவேற்பறையில் நானே பத்துப் பதினைந்து தரம் விழுந்து எழும்பிப் பார்த்தேன். வயிற்றுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. இருந்தாலும் எழும்பினாலும் அந்த இடம் மாறுவதில்லை. வேட்டிக்குமேல் எங்கள் ஆண்கள் கட்டுகிற அகலமான பெல்ட்டும் அதற்குமேலால்தான் போகிறது. உறையை அந்த பெல்ட்டிலேயே கொளுவலாம்.

ஆனால் என் பள்ளமும் நண்பரின் பள்ளமும் ஒன்றல்ல. அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி, நிலத்தில் படுக்க வைத்து, மருந்துக் கடையில் வாங்கிய மாவுக்கட்டுத் துணியை நனைத்து அவர் இடுப்பில் வைத்து அச்செடுத்தேன். அவருக்குப் பயங்கரக் கூச்சம்.

"அண்ணே, கூசுது லா! அண்ணே!"

"ஆடாதையுங்கோ. வெடிச்சுப்போம்."

குசினிக்குள் இருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, அந்தாளுக்கு எலும்பு முறிஞ்ச பிறகு போடுற சாமானை முதலே போட்டு விட்டிருக்கிறியள்?"

நண்பர் சிரித்ததில் முதல் அச்சு வெடித்துவிட்டது. இரண்டாவதுதான் சரிவந்தது.

துப்பாக்கியின் அளவுக்கு மரத்தில் ஒரு கட்டை செதுக்கினேன். விளையாட்டுத் துப்பாக்கியை வெளியே கொண்டு திரியக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கட்டையையும் இடுப்பு அச்சையும் வேலைக்குக் கொண்டுபோய், சாப்பாட்டு நேரத்தில் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். அவர் சமோவாக்காரர், பெரிய மனிதர். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.  "வெட்டிங். டிராமா. அங்கிள், போலீஸ்," என்று நாலு சொல் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்து நின்று சிரித்தார். பிறகு கழிவுத் தகடு நாலைந்தைத் தானே எடுத்துத் தந்தார்.

அப்படி முதல் பிளாஸ்டிக் உறை வந்தது. தோல் தைத்து, பெல்ட்டில் கொளுவி, கட்டையை வைத்து, சட்டையை மேலால் விட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டு, வீட்டு முன்பாதையில் நடந்து காட்டினேன்.

"வலப் பக்கம்," என்றாள் உடனே.

"புடைச்சுத் தெரியுதோ?"

"இல்லை. நான் இடுப்பைப் பார்க்கேல்லை. கையைப் பார்த்தனான். இடக் கை ஆடுது, வலக் கை ஆடேல்லை. பத்து அடிக்கொருக்கா ஒருக்கா தொட்டும் பார்க்கிறியள்."

நான் தொட்டதே எனக்குத் தெரியாது.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கட ஊர்ச் சந்தியில துவக்கோட திரிஞ்சவங்களை எத்தினை வருசம் நிண்டு பார்த்தனாங்கள்," என்றாள். "சைக்கிள்ல வாறவன் ஒரு கையால ஓடினால் நாங்கள் மற்றப் பக்கத்தால போயிடுவம். சட்டையைப் பார்த்துக்கொண்டு நிண்டிருந்தால் பிள்ளையளை வளர்த்திருக்க ஏலாது."

அவள் அதைச் சொல்லிவிட்டு உடுப்புக் காயப்போடப் போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே நின்று யோசித்தேன். ஏன் தொட்டேன்? விழுந்துவிடும் என்ற பயம். என் கையே அந்த உறையை நம்பவில்லை. நண்பரின் கை நம்புமா? போன வருடம் விழுந்ததை நினைத்துக்கொண்டே அவர் தொட்டபடி இருப்பார், மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்.

உறை துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதுவும் உள்ளே போனதும் பிடித்துவிட்டது என்று கைக்குத் தெரியும்படி பிடிக்க வேண்டும். துப்பாக்கியில் விசைக்கு வெளியே ஒரு வளையம் இருக்கிறது. கட்டையில் அந்த இடத்தை நன்றாகக் குடைந்து, தகடு இளகி இருக்கும்போதே கையுறை போட்ட பெருவிரலால் அந்தக் குழிக்குள் அமத்தினேன். முதலாவது ஆழம் கூடிவிட்டது. இழுத்தபோது உறையும் பெல்ட்டும் சேர்ந்து வந்தன, வேட்டியும் வரப் பார்த்தது. இரண்டாவதில் ஆழம் காணாது. மூன்றாவதை வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன மேட்டை மண்கடதாசியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். தேய்ப்பதும் போட்டு எடுப்பதுமாக ஒரு கிழமை போனது. கடைசியில் உள்ளே தள்ளும்போது 'க்ளக்' என்று ஒரு சத்தம் வந்தது. தலைகீழாகப் பிடித்து உலுப்பினேன், விழவில்லை. கைப்பிடியைப் பிடித்து மேலே இழுத்தால் ஒரே இழுப்பில் வந்தது.

அடுத்த சனிக்கிழமை கட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மீன் வாங்கினேன், தெரிந்தவர் ஒருவரோடு கதைத்தேன், வீட்டுக்கு வந்து சாப்பிட இருந்தேன். மனைவி சோற்றைப் போட்டபடி, "இண்டைக்கு அதைக் கட்டேல்லையே?" என்று கேட்டாள்.

நான் இடுப்பைத் தடவிப் பார்க்க வேண்டி இருந்தது. அங்கேதான் இருந்தது.

அவள் அகப்பையைப் பிடித்தபடி நின்றாள். "சரி," என்றாள். "இனி அந்தாளிட்டைக் குடுக்கலாம்."

நண்பரிடம் கொடுத்து, விழா வரைக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டில் கட்டையோடு கட்டச் சொன்னேன். தொட்டுப் பார்க்கிறாரா என்று கவனிக்க அவர் மனைவியிடம் சொல்லி வைத்தேன்.

விழா அன்று நான் திரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நண்பர் மேடைக்கு வந்ததுமே சிரிப்பு தொடங்கிவிட்டது. "மாமா, கவனம்!" என்று பின்னால் இருந்து யாரோ கத்தினார்கள். அவர் காலில் விழுந்தபோது முன்வரிசைப் பிள்ளைகள் நிலத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் விழவில்லை. நான் அவருடைய வலக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடியது. பந்தியில் இருந்து சோறு பிசைந்தது, பக்கத்து ஆளின் முதுகில் தட்டியது, மூக்கைச் சொறிந்தது. ஒருதரமும் இடுப்புக்குப் போகவில்லை. மெல்ல மெல்ல ஆட்கள் சிரிப்பதை விட்டு வசனத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். "இந்த முறை துவக்கு இல்லையாக்கும்," என்று என் பக்கம் இருந்த ஒரு பெரியவர் சொன்னது கேட்டது.

தாலியை எடுத்தார்கள். நண்பர் எழும்பினார். கை ஒருமுறை இடுப்புக்குப் போய்த் துப்பாக்கியோடு வந்தது, அவ்வளவுதான். மண்டபத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. இயக்குநர் கேட்ட சீன் அவருக்குக் கிடைத்தது.

திரையை இழுக்கவேண்டிய இடத்தில் நான் இழுக்க மறந்துபோய் நின்றேன். இயக்குநர் வந்து என் கையில் தட்டினார். பிறகு நடிகர்கள் எல்லாரும் வரிசையாக நின்றபோது நண்பர் ஒலிவாங்கியைப் பிடித்து, "போன வருஷம் விழுந்தது என் தப்பு. இந்த வருஷம் விழாதது அந்த அண்ணன் செஞ்சது," என்று என் பக்கம் கையைக் காட்டினார். நான் திரைக்குப் பின்னால் போய்விட்டேன். ஆனால் கைதட்டல் முடியும்வரை அங்கேயே நின்று கேட்டேன்.

காரில் வரும்போதுதான் மனைவி அதைப் பற்றிச் சொன்னாள்.

"எங்க இருக்கெண்டு தெரிஞ்சுகொண்டுதான் முழுக்கப் பார்த்தனான்," என்றாள். "எனக்கே தெரியேல்லை."

அடுத்த நாள் காலை நண்பர் தொலைபேசி எடுத்தார். விழா முடிந்து பத்துப் பேரோடு வீட்டில் இருந்து தோசை சாப்பிட்டாராம், பிள்ளைகளைத் தூக்கி விளையாடினாராம். குளிக்கப் போகும்போதுதான் உறை இன்னும் இடுப்பில் இருப்பதைக் கண்டாராம்.

"துவக்கு?" என்று கேட்டேன்.

"அதை மண்டபத்துப் பெட்டியிலயே வச்சிட்டேன் லா," என்றார். "உறைய மட்டும் திருப்பித் தர மாட்டேன்."