ஸ்டெல்லா அக்காவின் பென் டிரைவ்

கள்ளிக்குப்பத்தில் எங்கள் சர்ச் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது நான்தான். பாட்டு வரிகளைத் திரையில் காட்டுகிற கம்ப்யூட்டர்.

இன்று காலை ஆராதனையில் இரண்டாம் பாட்டிலேயே திரை நின்றுபோனது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், செக்யூரிட்டி என்று முடிகிற ஏதோ ஒன்று மெஷினின் மொத்த சக்தியையும் இழுத்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தே இராத பெயர்.

வைரஸ் என்று முடிவு கட்டிவிட்டேன். வாராவாரம் பென் டிரைவில் பாட்டு கொண்டுவருவது பாடகர் குழு ஸ்டெல்லா அக்கா. உடனே சர்ச் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: "ஸ்டெல்லா அக்கா பென் டிரைவ்ல வைரஸ். யாரும் வாங்கிச் சொருகாதீங்க."

சபையே பார்த்தது.

மத்தியானம்தான் அந்தப் பெயரில் ரைட் கிளிக் செய்து, ஃபைல் எங்கே இருக்கிறது, எந்த கம்பெனியுடையது என்று பார்த்தேன். போன வாரம் நானே போட்ட ஆன்டிவைரஸ்தான், உள்ளே வேறு பெயரில் ஓடியிருக்கிறது. ஞாயிறு காலை ஸ்கேன் ஓடும்படி வைத்ததும் நானே.

சாயந்திரம் பாட்டுப் பயிற்சிக்கு அக்கா சில தாள்களோடு வந்தார்.

"பென் டிரைவ் எட்த்துகினு வர்ல தம்பி. ஊட்ல உக்காந்து கையாலயே எழுதிட்டேன். பேப்பர்ல அது ஒட்டிக்காதில்ல?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"வைரஸே இல்லக்கா. தப்பு என்னுது."

"அப்டியா, நல்லதாப் போச்சு. அத குரூப்லயும் சொல்லிடு தம்பி. காலைலேர்ந்து எம்பொண்ணு அவ போனைத் தொட உட மாட்டேங்குறா."

பழி போட அரை நிமிடம் ஆகவில்லை. மன்னிப்பை இன்னும் டைப் செய்து அழித்துக்கொண்டிருக்கிறேன். முதல் வரியை மட்டும் யாராவது எழுதிக் கொடுங்கள்.